பாத்திரம் தேய்க்க எழுந்திருப்பது எப்படி? சோம்பேறிகளுக்கு ஒரு சோம்பேறி எழுதும் வழிகாட்டி

என் அறையில் ஒரு நாற்காலி இருந்தது. பெயருக்குத்தான் அது என்னுடையது. அதில் உட்கார்ந்திருந்தது துவைத்துக் காய்ந்த துணிக் குவியல். பகலில் எனக்கு உட்கார இடம் வேண்டுமென்றால் குவியல் கட்டிலுக்குப் போகும். இரவில் படுக்க இடம் வேண்டுமென்றால் நாற்காலிக்குத் திரும்பும். இப்படி 9 நாட்கள் அது போய் வந்துகொண்டிருந்தது. 10-ஆம் நாள், உடுத்துவதற்குக் கசங்காத சட்டை ஒன்றுகூட இல்லாமல் போகவே, மடித்து அடுக்கினேன். முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் 7 நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்த 9 நாட்களும் குவியலை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் வாரிப் போட்ட நேரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். மனதுக்குள் அதைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் தனிக் கணக்கு.

பிறவியிலேயே சுறுசுறுப்பானவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. முதன்முறையாகத் தனி வீட்டுக்கு வந்து, வீடு தானாகச் சுத்தமாவதில்லை என்பதைக் கண்டுபிடித்தவர்களுக்காக எழுதுகிறேன். வெகுநாளாகக் குடித்தனம் நடத்தியும் தொட்டியில் கிடக்கும் பாத்திரத்தைப் பார்த்தாலே சோர்ந்துபோகிறவர்களுக்கும் பொருந்தும். இதில் உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். அது இரண்டாவது நாளே கைவிடுவதற்கான வழி.

முதலில் ஒரு சந்தேகம்: இது சோம்பல்தானா?

நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறதா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது போன்றவை எல்லாம் வெளியிலிருந்து பார்க்கச் சோம்பலைப் போலவே இருக்கும். வீட்டு வேலை மட்டுமல்லாமல், முன்பு ஆசையாகச் செய்தவற்றிலும் நாட்டம் போய், அந்த நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கவனச்சிதறல் கோளாறு உள்ளவர்களுக்கு எந்த வேலையையும் தொடங்குவதே மலையைப் புரட்டுவதாக இருக்கும். இவற்றுக்கு மருத்துவர் இருக்கிறார்; துடைப்பம் மருந்தாகாது. வேறு எல்லாவற்றிலும் உற்சாகமாக இருந்துகொண்டு, துணி மடிக்க மட்டும் கை வராதவர்கள் மேலே படிக்கலாம்.

படி 1: ஒரு வாரம் கடிகாரத்தை மட்டும் பாருங்கள்

முதல் வாரம் எந்தச் சபதமும் எடுக்காதீர்கள். வழக்கம்போல், முடிந்தபோது, முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். ஒரே ஒரு மாற்றம்: தொடங்குவதற்கு முன் இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். முடித்த பின் உண்மையில் ஆன நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.

என் தாளில் இருந்தவை இவை. இரவுப் பாத்திரங்கள்: நினைத்தது 30 நிமிடம், ஆனது 11. படுக்கையை ஒழுங்குபடுத்துவது: நினைத்தது 5, ஆனது ஒன்றரை. குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டு வருவது: நினைத்தது 10, ஆனது 3. ஓர் அறையைப் பெருக்குவது: நினைத்தது 15, ஆனது 4. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் வருகிற வேலைகளில் இடப்பக்க எண்தான் பெரிதாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் எழுதினார்கள். எனக்கும் அது நடக்கிறது. ஆனால் பெரிய வேலைகளில் மட்டும். அலமாரியை ஒழிக்க அரைமணி நேரம் போதும் என்று உட்கார்ந்து, இரவு 11 மணிக்குப் பழைய புகைப்படங்களுக்கு நடுவே விழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தினசரி வேலையைப் பூதமாக நினைத்துத் தள்ளிப்போடுகிறோம். பெரிய வேலையைச் சுண்டைக்காயாக நினைத்துத் தலையைக் கொடுத்துவிட்டு, இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவெடுக்கிறோம். இரண்டு தவறுக்கும் அந்தத் தாள் போதும். அதைக் கிழித்து எறியாமல் தொட்டிக்கு மேலே ஒட்டிவையுங்கள். சோம்பலோடு வாதம் செய்து என்னால் வெல்ல முடிந்ததில்லை. ‘11’ என்ற எண்ணைக் காட்டினால் கொஞ்சம் அடங்குகிறது.

படி 2: திட்டுவதை நிறுத்துங்கள்

தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிட, அப்போதைய மனநிலையைச் சமாளிக்கும் தந்திரமாகவே அதைப் பார்க்கவேண்டும் என்று ஃபுஷியா சிரோய்ஸ், திமோதி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013-இல் எழுதினார்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தைப் பார்த்ததும் ஓர் அருவருப்பு வருகிறது. அதிலிருந்து தப்ப நாம் கைப்பேசியை எடுக்கிறோம். அருவருப்பு உடனே மறைகிறது. பாத்திரம் மறைவதில்லை. நாளை அதே பாத்திரத்தின்மேல் குற்ற உணர்ச்சியும் ஒரு படலமாக ஏறியிருக்கும். அப்போது அது இன்னும் கொஞ்சம் அருவருப்பு.

ஆகவே ‘சீ, நான் ஒரு சோம்பேறி’ என்று திட்டிக்கொள்வது வேலைக்கு உதவாது. அந்தப் படலத்தைத் தடிமனாக்கத்தான் உதவும். தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு, ‘நீ மட்டும் உன்னைச் சோம்பேறி என்று சொல்லிக்கொள்கிறாயே’ என்று கேட்கலாம். சொல்லிக்கொள்கிறேன், சிரித்துக்கொண்டே சொல்வதற்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

படி 3: ஒரே ஒரு வேலையைப் பிடியுங்கள். அது பாத்திரமாக இருக்கட்டும்

முழு வீட்டையும் மாற்றப் புறப்படாதீர்கள். பாத்திரத் தொட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. பெருக்குவதை ஒரு நாள் தள்ளிப்போட்டால் தூசி கொஞ்சம் கூடும். மறுநாளும் அதே துடைப்பம், அதே நேரம். பாத்திரத்தைத் தள்ளிப்போட்டால் ஒட்டியிருப்பது காய்ந்து, இறுகி, வேலை இருமடங்காகும். தாமதத்துக்கு வட்டி வாங்குகிற வேலை அது. தொட்டி நிறைந்திருந்தால் மறுநாள் சமைக்கவும் மனம் வராது. ஒன்று அடைத்துக்கொண்டு நிற்பதால் பின்னால் நாலு நிற்கின்றன.

சோம்பேறிகளுக்கு இங்கே ஒரு நற்செய்தி. ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959-இல், சுத்தம் செய்வது நான்கு காரணிகளால் நடக்கிறது என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்: சோப்பு போன்ற வேதிப்பொருள், தேய்க்கும் விசை, வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடுகட்டவேண்டும். துப்புரவுத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். இதையே திருப்பிப் படித்துப் பாருங்கள்: நேரத்தைக் கூட்டினால் கைவலியைக் குறைக்கலாம். அதாவது, ஊறவைத்துவிட்டுப் போய் உட்காரலாம். அறிவியல் அனுமதித்த சோம்பல் இது ஒன்றுதான், எனக்குத் தெரிந்து.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதியவர்கள் பலர் தோற்பது இங்கேதான்.

சாப்பிட்டு எழுந்தவுடன், உட்காருவதற்கு முன், தட்டில் ஒட்டியிருப்பதை வழித்துக் குப்பையில் போடுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் விடுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் வெந்நீர். பாலும் முட்டையும் ஒட்டிய பாத்திரத்துக்கு முதலில் குளிர்ந்த நீர்தான். சூடு பட்டால் அந்தப் புரதம் உறைந்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அடிப்பிடித்த பாத்திரத்தோடு மல்லுக்கட்டவே வேண்டாம். அடி மூழ்கத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஒரு கொதி விட்டு, ஆறவிட்டு, மரக்கரண்டியால் நெம்பினால் பெரும்பாலும் பெயர்ந்து வரும்.

தேய்க்கும்போது வரிசை முக்கியம். முதலில் கண்ணாடி டம்ளர்கள், பிறகு கரண்டிகள், பிறகு தட்டுகள், கடைசியாக எண்ணெய்ப் பாத்திரங்கள். தலைகீழாகத் தொடங்கினால் தேய்க்கும் நார் முதல் பாத்திரத்திலேயே பிசுபிசுத்துவிடும்; அதன் பிறகு தொடுகிற எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசிக்கொண்டிருப்பீர்கள். கத்தியைத் தொட்டிக்குள் நுரையில் மூழ்கடிக்காதீர்கள், தேடும் கை வெட்டுப்படும். எல்லாவற்றையும் சோப்புப் போட்டு வைத்துவிட்டு மொத்தமாக ஒருமுறை அலசுங்கள். ஒவ்வொன்றுக்கும் குழாயைத் திறந்து மூடவேண்டியதில்லை. துடைத்து அடுக்குவதற்கு உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கூடையில் கவிழ்த்துவிட்டால் காற்று அந்த வேலையைச் செய்யும். மறுநாள் காலையில், அடுப்பில் எதுவோ கொதிக்கக் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் எடுத்து அடுக்குங்கள்.

கடைசியாகத் தொட்டியையும் நாரையும் கழுவிவிடுங்கள். நாரைப் பிழிந்து, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ஈரமாகத் தொட்டியின் மூலையில் கிடக்கும் நார் மறுநாள் நாறும். அந்த நாற்றமே அடுத்த நாள் வேலையைத் தள்ளிப்போடப் போதிய காரணமாகிவிடும்.

படி 4: நுழைவாயிலைச் சின்னதாக்குங்கள்

உந்துதல் வரட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருப்பதுதான் நம் எல்லோருடைய தவறும். வரவேண்டிய ஆள் வேலை தொடங்கி இரண்டு நிமிடம் கழித்துத்தான் வருகிறார். மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்றே இந்த எண்ணத்தின்மேல் நிற்கிறது: மனம் சரியான பிறகு செயல் என்று காத்திராமல், சிறிய செயலில் தொடங்கி மனத்தை மெல்ல இழுத்துவருவது. நோயாளிக்கு உதவுவது, நாற்காலியில் சாய்ந்து கிடப்பவருக்கும் உதவும்.

ஆகவே ‘பாத்திரம் எல்லாம் தேய்க்கப்போகிறேன்’ என்று சொல்லாதீர்கள். ‘ஒரு டம்ளரைக் கழுவப்போகிறேன்’ என்று சொல்லுங்கள். பெருக்குவதென்றால் கதவிலிருந்து கட்டில்வரை. துணி என்றால் 5 துணி. கடிகாரத்தில் 5 நிமிடத்துக்கு மணி வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

இதில் நேர்மை வேண்டும். ஒரு டம்ளரைக் கழுவிய பிறகு நிறுத்தத் தோன்றினால் உண்மையாகவே நிறுத்திவிடுங்கள். ‘ஒன்று என்று சொல்லி எழுப்பிவிட்டு, பிறகு மொத்தத்தையும் தலையில் கட்டுவேன்’ என்று நீங்களே உங்களை ஏமாற்றினால், மூன்றாம் நாள் மனம் அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிடும். நான் உண்மையாகவே ஒரு டம்ளரோடு திரும்பி வந்து உட்கார்ந்த இரவுகள் உண்டு. எண்ணிப்பார்த்தால் அவை மிகக் குறைவு. கை ஏற்கெனவே நனைந்துவிட்டது. நனைந்த கைக்கு அடுத்த டம்ளர் அவ்வளவு தூரத்தில் இல்லை.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை பிரபலமாக இருக்கிறது. 1980-களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் படிப்புக்காகக் கண்டுபிடித்தது. அவர் பயன்படுத்தியது தக்காளி வடிவச் சமையலறை மணிக்கருவி. சமையலறையிலிருந்து படிப்பு மேசைக்குப் போன பொருளைத் திரும்பச் சமையலறைக்கே கொண்டுவருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தொடக்கக்காரருக்கு 25 நிமிடம் அதிகம். எழுந்திருப்பதற்கே கை கால் ஓடாதவரிடம் 25 என்று சொன்னால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

படி 5: நேரத்தில் கட்டாதீர்கள், இன்னொரு செயலில் கட்டுங்கள்

‘தினமும் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வேன்’ என்பது வெறும் ஆசை. ‘இரவு 9 மணிக்குப் பாத்திரம் தேய்ப்பேன்’ என்பது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் 9 மணி சத்தம் போடாமல் வந்துவிட்டுப் போய்விடும். ‘சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனதும், கீழே வைக்காமல் அப்படியே கழுவுவேன்’ என்பதில்தான் பிடிமானம் இருக்கிறது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்ற இந்த வகைத் திட்டங்கள், வெறும் உறுதிமொழியைவிட நன்றாக நிறைவேறுகின்றன என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் தொடர்ந்து ஆராய்ந்து காட்டினார்.

உங்கள் நாளில் ஏற்கெனவே தவறாமல் நடப்பவை எவை என்று பாருங்கள். பல் தேய்க்கிறீர்கள், அங்கேயே நின்றபடி கைகழுவும் தொட்டியை ஒரு துடைப்பு துடைத்துவிடலாம். வெளியே கிளம்புகிறீர்கள், கையில் குப்பைப் பை போகட்டும். குளித்து முடிக்கிறீர்கள், தரை ஈரமாக இருக்கும்போதே தண்ணீரைத் தள்ளிவிட்டால் பாசி பிடிப்பது குறையும். படுக்கையிலிருந்து இறங்குகிறீர்கள், போர்வையை அப்போதே மடிக்கலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கட்டுங்கள்.

பழக்கம் ஆக எத்தனை நாள்? 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், காலையில் ஒரு நடை போன்ற எளிய செயல்கள் தானாக நடக்க ஆரம்பிக்க ஆகும் நாட்கள் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். நடு அளவு 66. 2010-இல் வெளியான அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. செவ்வாய்க்கிழமை தொட்டி நிறைந்து கிடந்தால் புதன்கிழமை தேய்க்கலாம். எல்லாம் போயிற்று என்று சோர்ந்து உட்கார அது காரணமில்லை.

படி 6: உங்களைத் திருத்துவதற்கு முன் வீட்டைத் திருத்துங்கள்

இந்தப் படியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். மனிதன் மாறுவது கடினம். கூடையை நகர்த்துவது எளிது.

லிலியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பொறியாளர் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களின் அசைவுகளை அளந்து, தேவையற்றவற்றை நீக்கும் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1924-இல் கணவர் இறந்த பிறகு அதே கண்ணால் சமையலறையைப் பார்த்தார். ஒருவர் நடக்கும் அடிகளை எண்ணி, அடுப்பும் மேடையும் தொட்டியும் எங்கே இருக்கவேண்டும் என்று யோசித்தார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைக்கூடையும், குளிர்சாதனப் பெட்டிக் கதவின் உட்புறத் தட்டுகளும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. நிறையப் பிள்ளைகள் இருந்த வீடு அவருடையது. அடிகளைக் குறைப்பதன் அருமை அவருக்குத் தெரிந்திருக்கும்.

நீங்களும் ஒருநாள் உங்கள் அசைவுகளை எண்ணிப்பாருங்கள். எங்கள் வீட்டில் துடைப்பம் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு கதவுக்குப் பின்னால், அதற்கு முன்னால் ஒரு வாளி, அதற்கு மேல் ஒரு மாப்பு என்று இருந்தது. பெருக்கவேண்டும் என்று தோன்றிய கணத்துக்கும் துடைப்பம் கைக்கு வருவதற்கும் நடுவில் நாலு செயல்கள். தோன்றியது அதற்குள் அணைந்துவிடும். அதைக் கூடத்தின் ஓரமாக ஓர் ஆணியில் மாட்டினேன். பார்ப்பவர்களுக்கு அழகாக இல்லைதான். ஆனால் வீடு பெருக்கப்படுகிறது.

அழுக்குத் துணிக் கூடையை அது இருக்கவேண்டிய இடத்தில் வைக்காதீர்கள். துணி விழுகிற இடத்தில் வையுங்கள். ஒரு வாரம் கவனித்தால் போதும், துணிகள் எப்போதும் ஒரே இடத்தில்தான் விழுகின்றன. கூடைக்கு மூடி வேண்டாம். மூடி இருந்தால் துணி மூடிமேல் குவியும். கழிப்பறைத் திரவம் கழிப்பறையில், சமையலறைத் திரவம் சமையலறையில் என்று இடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சிறு குழந்தைகள் இருக்கும் வீடானால் கைக்கு எட்டாத உயரத்தில். சட்டையை மடிப்பது பிடிக்காதவர் மாட்டிவிடலாம். உள்ளாடைகளையும் காலுறைகளையும் மடிக்கவே தேவையில்லை. ஒரு பெட்டியில் போட்டால் போயிற்று. இதைச் சொன்னதற்காக என்னைக் கண்டிக்கும் பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

இன்னொன்று: பாத்திரங்களைக் குறையுங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் 14 தட்டுகள் வெளியே இருந்தால், 14 தட்டுகளும் அழுக்காகும்வரை யாரும் தேய்க்கமாட்டார்கள். நாலை மட்டும் வெளியே வைத்து மற்றவற்றைப் பரணில் ஏற்றுங்கள்.

படி 7: காதுக்கு ஒரு வேலை கொடுங்கள்

கை வேலை செய்யும்போது மனம் சும்மா இருப்பதுதான் சலிப்பு. கேத்தி மில்க்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் உடனாய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், விறுவிறுப்பான ஒலிநூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கமுடியும் என்று வைத்தபோது, தொடக்க வாரங்களில் ஆட்கள் கூடுதலாக வந்தார்கள். பின்னர் அந்த வேகம் தளர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒரு தொடர்கதையோ நீண்ட பேட்டியோ பாட்டோ, எதுவானாலும் பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் கேட்பது என்று ஒதுக்கிவையுங்கள். கேட்பதைத் தேர்ந்தெடுக்கக் கைப்பேசியை எடுத்து 20 நிமிடம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஆகவே சாப்பிட உட்காரும் முன்பே தேர்ந்தெடுத்து, பேசியைக் கவிழ்த்து, கை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

படி 8: பெரிய வேலைகள்

தினசரி வேலை ஓரளவு கைவந்த பிறகுதான் இதற்கு வரவேண்டும். விதி ஒன்றே: அறையை எடுக்காதீர்கள், இழுப்பறையை எடுங்கள். அலமாரி முழுவதையும் தரையில் கொட்டிவிட்டுத் தொடங்குவது பார்க்க வீரமாக இருக்கும். பாதியில் களைத்துப்போனால் அன்று தூங்க இடம் இருக்காது. ஒரு தட்டு அல்லது ஓர் இழுப்பறை, அதை முடித்து மூடிய பிறகு அடுத்தது. ஒட்டடை அடிப்பது, தூசி தட்டுவது, பெருக்குவது, துடைப்பது என்று மேலிருந்து கீழாகப் போங்கள். கடைசியில் ஒட்டடை அடித்துவிட்டு இரண்டாம் முறை பெருக்கியவன் சொல்கிறேன்.

கழிப்பறைக்குச் சின்னரின் வட்டத்தை நினைவில் வையுங்கள். திரவத்தை ஊற்றிவிட்டு, புட்டியில் எழுதியிருக்கும் நேரம் பொறுத்திருந்து பிறகு தேய்த்தால் கைவேலை பாதியாகக் குறையும். ஆனால் ஒரு புட்டியில் போகாத கறைக்கு இன்னொரு புட்டியைச் சேர்த்து ஊற்றாதீர்கள். ப்ளீச்சும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ப்ளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். மூடிய சிறிய அறையில் இது உயிருக்கே ஆபத்து. புது உற்சாகத்தில் சுத்தம் செய்யக் கிளம்புகிறவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள். சன்னலைத் திறந்துவைத்து, ஒரு நேரத்தில் ஒரே திரவத்தைப் பயன்படுத்துங்கள்.

படி 9: வீட்டில் மற்றவர்களும் இருந்தால்

‘இந்த வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் செய்கிறேன்’ என்று நீங்கள் நினைப்பீர்கள். கூட இருப்பவரும் அப்படித்தான் நினைக்கிறார். மைக்கேல் ரோஸ், ஃபியோர் சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-இல் தம்பதிகளிடம் தனித்தனியே உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டுக் கூட்டிப் பார்த்தபோது, மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்டிப் போயிற்று. நாம் செய்தது நமக்கு நினைவில் இருக்கிறது. அடுத்தவர் செய்தபோது நாம் அங்கே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு பேச உட்கார்ந்தால் குரல் கொஞ்சம் தணிந்திருக்கும்.

வேலையைப் பிரிக்கும்போது ‘உதவி’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். உதவுகிறவர் சொன்னால்தான் வருவார். சொல்லிக்கொண்டே இருப்பதும் ஒரு வேலை. அதற்குக் கூலி கிடையாது. துணி வேலை உங்களுடையது என்றால் ஊறவைப்பது, துவைப்பது, உலர்த்துவது, எடுப்பது, மடிப்பது, சோப்புத்தூள் தீர்ந்ததைக் கவனிப்பது என முழுவதும் உங்களுடையது. அந்த வேலை அவருடையதாகி, அவர் மடிக்கும் விதம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். திறந்தால் அந்த வேலை அன்றே உங்களிடம் திரும்பி வந்துவிடும்.

படி 10: முடியாத நாளுக்கு ஒரு சின்னப் பட்டியல்

காய்ச்சல், அலுவலகத்தில் அடி, வீட்டில் சண்டை, அல்லது காரணமே இல்லாத ஒரு நாள். அன்று மூன்றை மட்டும் செய்யுங்கள்: நாறக்கூடிய குப்பையை வெளியே போடுவது, ஈரத்துணியை விரித்துப் போடுவது, மறுநாள் காலைக்கு ஒரு டம்ளரும் ஒரு தட்டும் கழுவிவைப்பது. மற்றவை பொறுத்திருக்கும்.

ஈரத்துணியை ஏன் இந்தப் பட்டியலில் சேர்த்தேன் என்றால், ஒரு முறை வாளியில் துணியை ஊறவைத்துவிட்டு ‘ஊறட்டும், சின்னரே சொல்லியிருக்கிறார்’ என்று போய்ப் படுத்தேன். மூன்று நாள் கழித்துக் குளியலறையில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று தேடினோம். என் துண்டுகள்தான். இரண்டு முறை வெந்நீரில் துவைத்தும் ஒரு துண்டு தேறவில்லை. இப்போது அது தரை துடைக்கிறது. நேரத்தைக் கூட்டலாம் என்று அந்த வட்டம் சொல்கிறது, நாட்களை அல்ல.

நாற்காலியை வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். துணிகள் இப்போது கட்டிலின் கால்மாட்டில் சேர ஆரம்பித்திருக்கின்றன. அங்கே ஒரு கூடை வாங்கி வைத்திருக்கிறேன், மூடி இல்லாதது.